சார், நீங்க வாசிப்பீங்களா?

கேட்டவனுக்கு வயசு ஒன்பது. கையில் பாதி கடித்த பிஸ்கெட். முகத்தில் விஷமம் துளிக்கூட இல்லை. அதனால்தான் ரொம்ப வலித்தது.

"சார், நீங்க பியானோ வாசிப்பீங்களா?"

நான் பியானோ வாத்தியார். 2018 ஜூன் மாதம் இந்தக் கேள்வி என் தலையில் விழுந்தபோது, ஓசூரில் 14 வருஷமாக அதுதான் எனக்குப் பிழைப்பு. ஹோட்டல் மாஸ்டரிடம் போய், 'உங்களுக்குத் தோசை வார்க்கத் தெரியுமா?' என்று கேட்டால் அவர் முகம் எப்படிப் போகும்? என் முகம் அப்படித்தான் போயிருக்க வேண்டும்.

யோசித்துப் பார்த்தால் பையன் பக்கம் நியாயம் இருந்தது. இரண்டு வருஷமாக என்னிடம் வருகிறான். அவன் எதிரில் நான் வாசித்ததெல்லாம் நாலு பார், மிஞ்சினால் எட்டு பார். "இப்படி வாசிக்கணும்டா" என்று காட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுவேன். டீச்சர் கரும்பலகையில் 'அ' எழுதிக் காட்டுவது மாதிரி. அதைப் பார்த்து, இவர் கடிதம் எழுதுவாரா, கதை எழுதுவாரா என்று யாருக்குத் தெரியும்?

"ஏதாவது ஒண்ணு முழுசா வாசிங்க சார்."

உட்கார்ந்தேன். பீத்தோவனின் 'பத்தேதிக்' சொனாட்டாவில் நடுவில் வருகிற மெதுவான பகுதி. 1799-இல் அச்சான சங்கதி. நம் தியாகராஜ சுவாமிகள் 1767, பீத்தோவன் 1770. மூன்றே வருஷ வித்தியாசம். ஒருவர் காவிரிக்கரையில், இன்னொருவர் வியன்னாவில். இருபது வயசில் இந்தப் பகுதியை நான் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாசிப்பேன். மொத்தம் 73 பார். ஐந்து நிமிஷ சமாசாரம்.

முதல் எட்டு பார் வந்தது. அதே மெட்டு ஒரு ஸ்தாயி மேலே போய் இன்னொரு எட்டு பார். அதுவும் வந்தது. 17-ஆவது பாரில் மெட்டு வேறு பக்கம் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. விரல்கள் கட்டைகளின் மேல், முகவரி மறந்த தபால்காரர் மாதிரி நின்றன. மறுபடி ஆரம்பித்தேன். மறுபடி 17. மறுபடி முட்டுச்சந்து.

பையன் பிஸ்கெட்டை முடித்துவிட்டு எழுந்தான். ரொம்ப அன்பாகச் சொன்னான்:

"பரவால்ல சார். வீட்ல டெய்லி அரை மணி நேரம் பிராக்டிஸ் பண்ணுங்க."

என் வசனம்! ஒவ்வொரு கிளாஸ் முடிவிலும் அவனிடம் நான் சொல்கிற அதே வசனம்!

*

எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓசூர் என்றால் உங்களுக்கு ரோஜாப்பூவும், பெங்களூர் போகிற வழியில் டிராஃபிக் ஜாமும் ஞாபகம் வரும். 1970-களில் சிப்காட் வந்தது. பின்னாலேயே டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் என்று பெரிய தொழிற்சாலைகள், அவற்றைச் சுற்றி நட்டு, போல்ட், கியர், காஸ்டிங் செய்கிற சின்னச் சின்ன யூனிட்கள். ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகா. ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஓடும். என் மாணவனின் அம்மா ஒருத்தர் கேள்வியைத் தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் நடத்தி, கன்னடத்தில் முடிப்பார். ஃபீஸைக் குறைக்கச் சொல்லும்போது மட்டும் மூன்று மொழியிலும் தனித்தனியாகக் கேட்பார்.

இங்கே வேலைக்கு வந்த இன்ஜினீயர்களின் பிள்ளைகள் பாட்டு, பரதநாட்டியம், கராத்தே, அபாகஸ் என்று ரவுண்டு போய்விட்டுக் கடைசியில் பியானோவுக்கும் வருவார்கள். நானும் ஷிஃப்டில் வேலை பார்த்தவன்தான். ஒரு சின்ன யூனிட்டில் அக்கவுன்ட்ஸ். 2004-இல் வேலையை விட்டு, ஒரு பழைய அப்ரைட் பியானோவை பெங்களூரிலிருந்து மினி லாரியில் கொண்டுவந்து இறக்கினேன். எட்டுப் பேர் தூக்கினார்கள். ஒன்பதாவது ஆளாக ஹவுஸ் ஓனர் நின்று, "தரை தாங்குமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

சாயந்திரம் நாலு மணிக்கு ஆரம்பித்தால் ராத்திரி ஒன்பது. ஆளுக்கு அரை மணி. பத்துப் பிள்ளைகள். அத்தனை பேரும் ஆரம்பப் பாடம், முதல் கிரேடு, இரண்டாவது கிரேடு. 'ஒன் டூ த்ரீ ஃபோர்... விரலை வளை... தோளைத் தளர்த்து.' இதில் என் விரல்களுக்கு என்ன வேலை? டவுன் பஸ்ஸே ஓட்டிக்கொண்டிருக்கிற டிரைவருக்கு டாப் கியர் எந்தப் பக்கம் என்பதே மறந்துபோகும். எனக்கும் போய்விட்டது. அது போனது எனக்கே தெரியவில்லை என்பதுதான் கொடுமை.

கச்சேரி வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். ஓசூரில் பியானோ கச்சேரிக்கு யார் வருவார்கள்? என் மனைவி வருவாள். அதுவும் சீரியல் இல்லாத நாளாகப் பார்த்து வைக்க வேண்டும். பெங்களூர் 40 கிலோமீட்டர்தான். ஆனால் அங்கே போய் மேடை ஏற வேண்டுமானால் முதலில் வாசிக்கத் தெரிய வேண்டும். நான் 17-ஆவது பாரில் நிற்கிறவன்.

அன்று ராத்திரி பத்து மணிக்கு, பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் நாலு டெலிபோன் டைரக்டரியை அடுக்கி (அதற்காவது பயன்பட்டதே!), அதன் மேல் செல்போனைச் சாய்த்து வைத்தேன். ரெக்கார்டு பட்டனை அழுத்தினேன்.

*

வாசிக்கும்போது ஒன்று சொல்ல வேண்டும், சுமாராகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். ஷீட்டைப் பார்த்துக்கொண்டே 17-ஐத் தாண்டிவிட்டேன். முடித்ததும் ஒரு சின்னப் பெருமைகூட வந்தது. பிறகு போட்டுக் கேட்டேன்.

யார் சார் இது?

சுலபமான இடத்திலெல்லாம் ரயிலைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி ஓடுகிறான். கஷ்டமான இடம் வந்ததும் பிரேக். இடது கை, வலது கையை அமுக்கிக்கொண்டு கத்துகிறது. பெடலை மிதித்தவன் எடுக்க மறந்துவிட்டான். நோட்டுகள் எல்லாம் ஒன்றோடு ஒன்று கலந்து, நேற்று வைத்த சாம்பார் மாதிரி இருக்கிறது. இதற்கெல்லாம் மேல், கூடவே யாரோ மூக்கால் பாடுகிறார்கள். நான்தான்!

கேசட் காலத்தில் முதல் தடவை நம் குரலையே டேப்பில் கேட்டபோது 'சீ, இது என் குரலா?' என்று தோன்றியதே, ஞாபகம் இருக்கிறதா? அதற்குக் காரணம் உண்டு. நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டையோட்டு எலும்பு வழியாகவும் காதுக்குப் போகிறது. எலும்பு கனமான சத்தத்தை நன்றாகக் கடத்தும். அதனால் நமக்கு நம் குரல் கம்பீரம். டேப்பில் எலும்பு கிடையாது, காற்று மட்டும். ஊர் கேட்கிற குரல் அதுதான்.

பியானோவில் எலும்பு சமாசாரம் கிடையாது. வேறு ஏமாற்று. வாசிக்கும்போது மனசு அடுத்த பாரில் இருக்கும். கண் அதற்கடுத்த பாரில். காதுக்கு மிச்சமிருக்கிற கவனம் ரொம்பக் கொஞ்சம். அதனால் நாம் வாசிக்க நினைத்ததைத்தான் கேட்கிறோம், வாசித்ததை அல்ல. ரெக்கார்டிங்கில் நினைப்புக்கு இடமில்லை. நடந்தது மட்டும் இருக்கும்.

கிருஷ்ணகிரியில் எனக்குச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் இதை ஒரே வரியில் சொல்வார். "தம்பி, விரல் ஓடுது. காது எங்கே போச்சு?"

அவரைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

*

எனக்கு ஒரு பழக்கம். அசிங்கப்பட்டால் உடனே, என்னைவிடப் பெரிய ஆட்கள் யாராவது அசிங்கப்பட்டிருக்கிறார்களா என்று தேடுவேன். ஆறுதலாக இருக்கும்.

ஆர்தர் ஷ்னாபெல் என்று ஒருவர். 1882-இல் பிறந்தவர். பெரிய பியானோ கலைஞர். அதே அளவு பெரிய வாத்தியார். 1933 வரை பெர்லினில் சொல்லிக்கொடுத்தவர், ஹிட்லர் பதவிக்கு வந்ததும் யூதர் என்பதால் ஜெர்மனியை விட்டுக் கிளம்பினார். இவருக்கு ரெக்கார்டிங் என்றாலே ஆகாது. வருஷக்கணக்கில் மறுத்துவந்தார். கடைசியில் ஒப்புக்கொண்டு 1932 முதல் 1935 வரை லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் பீத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் பதிவு செய்தார். 32-ஐயும் முழுசாக இசைத்தட்டில் கொண்டுவந்த முதல் ஆள் அவர்தான்.

அந்தக் காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு நாலு, நாலரை நிமிஷம்தான். மெழுகுத் தட்டில் நேராகப் பதியும். வெட்டி ஒட்ட முடியாது. நாலாவது நிமிஷத்தில் ஒரு விரல் வழுக்கினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இல்லையென்றால் வழுக்கலோடு கடைக்கு அனுப்ப வேண்டும். ஷ்னாபெல் நிறைய வழுக்கலோடுதான் அனுப்பினார். வேகமான இடங்களில் தப்பான நோட்டு என் காதுக்கே கேட்கிறது. ஆனால் 90 வருஷமாக உலகம் அந்தப் பதிவுகளை விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. பியானோ படிக்கிறவர்கள் பாடப்புத்தகம் மாதிரி வைத்திருக்கிறார்கள்.

இவருடைய சிஷ்யர் லியான் ஃப்ளைஷர். 1928-இல் அமெரிக்காவில் பிறந்தவர். 1938-இல், டவுசர் போட்ட வயசில், இத்தாலியில் ஓர் ஏரிக்கரையில் ஷ்னாபெல் நடத்திய வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தார். குரு பரம்பரையைப் பாருங்கள்: பீத்தோவனிடம் செர்னி, செர்னியிடம் லெஷெட்டிட்ஸ்கி, அவரிடம் ஷ்னாபெல், அவரிடம் ஃப்ளைஷர். நம்மவர்கள் தியாகராஜரிடமிருந்து வழி சொல்வார்களே, அதே மாதிரி.

1952-இல் பெல்ஜியத்தின் பெரிய போட்டியில் ஜெயித்த முதல் அமெரிக்கர் ஃப்ளைஷர். உச்சியில் இருந்தார். 1960-களின் நடுவில், 36 வயசு வாக்கில், வலது கையில் கடைசி இரண்டு விரல்கள் தானாகச் சுருண்டுகொள்ள ஆரம்பித்தன. டாக்டர்கள் இதற்கு 'ஃபோகல் டிஸ்டோனியா' என்று பேர் வைத்திருக்கிறார்கள். விரலில் குறை கிடையாது. மூளை தப்பான கட்டளை அனுப்புகிறது. பியானோக்காரனுக்கு வலது கை போனால் என்ன மிச்சம்?

அவருக்கு மிச்சம் இருந்தது வகுப்பறை. பால்டிமோரில் பீபடி இசைக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார். இடது கைக்கென்றே எழுதப்பட்ட இசையை வாசித்தார். வாத்தியக்குழு நடத்தினார். வலது கையையும் விடாமல் தினம் சோதித்துக்கொண்டே இருந்தார். முப்பது வருஷம் சார்! 1990-களில் போடாக்ஸ் ஊசி, விசேஷ மசாஜ் என்று சிகிச்சை செய்ததில் விரல்கள் ஓரளவு நிமிர்ந்தன. 2004-இல், 75 வயசைத் தாண்டிய பிறகு, ஒரு ஆல்பம் வெளியிட்டார். அதன் பெயர் 'டூ ஹாண்ட்ஸ்'. இரண்டு கைகள். வேறு என்ன பெயர் வைப்பார்!

2020-இல், 92 வயசில் காலமானார். கடைசிவரை வாத்தியார்.

இதைப் படித்துவிட்டு என் கைகளைப் பார்த்தேன். பத்து விரலும் நேராக இருந்தன. ஒரு குறையும் இல்லை. சோம்பேறித்தனத்துக்கு ஊசி கிடையாது.

*

சட்டம் போட்டுக்கொண்டேன். ஆபீஸ் பழக்கம்.

ஒன்று: ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணி. ஏனென்றால் அதற்கு முன்னால் நான் எழுந்திருக்க மாட்டேன். அதற்குப் பின்னால் ஓசூர் எழுந்துவிடும். ஹைவேயில் லாரி ஏர்ஹாரன், பால்காரர், சுப்ரபாதம், குக்கர்.

இரண்டு: ஆரம்பித்தால் கடைசிவரை. தப்பு வந்தாலும் நிறுத்தக் கூடாது. கனடாக்காரர் க்ளென் கூல்ட் 1964-இல் மேடைக்கே முழுக்குப் போட்டுவிட்டு ஸ்டூடியோவில் மட்டும் வாசித்தார். டேப்பை வெட்டி ஒட்டி, ஒரு பதிவின் தலையையும் இன்னொன்றின் வாலையும் சேர்ப்பதில் அவர் மன்னன். அவர் மேதை. எனக்கு அந்தச் சலுகை கூடாது. வெட்டி ஒட்ட ஆரம்பித்தால் நான் பியானோவை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்துவிடுவேன்.

மூன்று: உடனே கேட்கக் கூடாது. மறுநாள்தான். சுடச்சுடக் கேட்டால் ஒன்று அழுகை வரும், இல்லை கர்வம் வரும். ஒரு நாள் ஆறினால், வேறு யாரோ வாசித்த மாதிரி கேட்கலாம்.

நான்கு: கேட்டுவிட்டு நோட்டில் மூன்றே வரி. எங்கே ஓடினேன், எங்கே கத்தினேன், எது நன்றாக இருந்தது. மூன்றாவது வரியைக் காலியாக விடக் கூடாது.

ஐந்து: எதையும் அழிக்கக் கூடாது.

நடைமுறையில் கற்றதையும் சொல்லிவிடுகிறேன். கிடாரோ மிருதங்கமோ வைத்திருக்கிறவர்களுக்கு உதவும். செல்போனைப் பியானோ மேலேயே வைத்தால் கட்டையின் டக்டக் சத்தம்தான் பதியும். ஏழெட்டு அடி தள்ளி, காது உயரத்தில் வையுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். (கிட்டத்தட்ட மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கிற ஓசூரில் இது முடியும். சென்னை நண்பர்கள் மன்னிக்கவும்.) செல்போன் ரொம்ப புத்திசாலி; மெதுவாக வாசித்தால் சத்தத்தைத் தானே கூட்டும், பலமாக வாசித்தால் தானே குறைக்கும். பேச்சுக்கு அது நல்லது. இசைக்கு நாசம், எல்லாம் ஒரே மட்டமாகிவிடும். அந்த வசதியை அணைத்து வையுங்கள். அணைக்க முடியாவிட்டால் தனி ரெக்கார்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

முக்கியமாக, போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை 61-ஆவது பார் வரை ஒரு தப்பில்லாமல் வந்தேன். போன் அடித்தது. "சார், பர்சனல் லோன் வேணுமா?" அந்தப் பெண்மணியிடம் நான் பேசியது பதிவாகவில்லை. நல்லதாகப் போயிற்று.

*

இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. கெட்டுப்போயிருந்தது என் வாசிப்பு மட்டும் இல்லை என்று தெரிந்தது.

ரெக்கார்டர் வந்த புதுசில், பையனின் அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டு ஒரு கிளாஸை முழுசாகப் பதிவு செய்தேன். மறுநாள் கேட்டேன். கடிகாரம் வைத்துக் கணக்குப் போட்டேன். முப்பது நிமிஷ வகுப்பில் 19 நிமிஷம் பேசியிருக்கிறேன்! பையன் வாசித்தது ஏழு நிமிஷம். மிச்சம், பக்கம் புரட்டியதும் பென்சில் தேடியதும். அவன் ஒரு பாரை முடிக்குமுன் "ம்ஹூம்" என்று குறுக்கே விழுகிறேன். எட்டு பாருக்குள் ஐந்து 'ம்ஹூம்'. அவன் முழுசாக ஒன்றுகூட வாசிக்கவில்லை, நான் விடவில்லை. முழுசாக ஒன்றைக் கேட்காத பையன், முழுசாக ஒன்றை வாசிக்காத பையன். அவன் என்னைக் கேட்ட கேள்வியின் அர்த்தம் அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

அதற்கப்புறம் ஒவ்வொரு வகுப்பும் இரண்டு விஷயத்தோடுதான் தொடங்கும். மாணவன் ஒன்றை நிறுத்தாமல் வாசிப்பான். நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். பிறகு நான் ஒன்றை நிறுத்தாமல் வாசிப்பேன். அவன் குறை சொல்லலாம். பிள்ளைகளுக்கு இதில் ஏக குஷி. ஒரு பெண் குழந்தை எனக்கு நோட்டில் 'கேர்லெஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

2020-இல் கொரோனா வந்து எல்லாம் மூடியபோது, லண்டன் டிரினிட்டி காலேஜ் தன் இசைத் தேர்வுகளை வீடியோவில் அனுப்பலாம் என்று கொண்டுவந்தது. நிபந்தனை: மாணவனும் கட்டைகள் மேல் அவன் கையும் தெரிய வேண்டும், முழு நிகழ்ச்சியும் ஒரே மூச்சில், வெட்டு ஒட்டு இல்லாமல் இருக்க வேண்டும். ஊரில் மற்ற பிள்ளைகள் கேமராவைப் பார்த்து நடுங்கியபோது, என் பிள்ளைகள், "இதானே சார், டெய்லி பண்றதுதானே" என்றார்கள்.

எனக்கும் ஓர் ஆசை வந்தது. எட்டாம் கிரேடோடு நின்றவன் நான். அதற்கு மேலே டிப்ளமா. அரை மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். 45 வயசில் பரீட்சையா என்று மனைவி கேட்கவில்லை. "என்னங்க, குக்கரை எத்தனை மணிக்கு வைக்கக் கூடாது, அதை மட்டும் சொல்லுங்க" என்றாள். ஒன்றரை வருஷம் தயாரானேன். பதினெட்டு தடவை பதிவு செய்தேன். பதினெட்டிலும் ஏதோ ஒரு தப்பு. 'தப்பே இல்லாமல் ஒன்று வரட்டும், அனுப்புகிறேன்' என்று தள்ளிக்கொண்டே போனேன்.

அப்போதுதான் மாஸ்டர் ஞாபகம் வந்தது.

*

கிருஷ்ணகிரி மாஸ்டர் சர்ச்சில் ஆர்கன் வாசித்தவர். வீட்டில் ஒரு பழைய பியானோ. நாலு கட்டை பேசாது. பேசாத கட்டை வரும் இடத்தில் அவரே வாயால் பாடிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு, தனக்காக ஒன்று வாசிப்பார். வாசல் திண்ணையில் செருப்பு மாட்டுகிற சாக்கில் உட்கார்ந்து கேட்பேன். பத்தேதிக்கின் அந்த மெதுவான பகுதியை முதலில் கேட்டது அங்கேதான்.

2001-இல் அவர் போய்விட்டார்.

அவர் வாசித்த ஒரு நிமிஷம்கூட இன்று இல்லை. எங்கேயும் இல்லை. இத்தனைக்கும் அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் நல்ல டூ-இன்-ஒன் இருந்தது. பட்டியல் எழுதிக் கடையில் கொடுத்து, 60-இலும் 90-இலும் சினிமாப் பாட்டு பதிந்து வாங்குவேன். 1986-இல் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' வந்தபோது, தேய்ந்துவிடும் என்று பயந்து அதற்கு ஒரு காப்பி போட்டு வைத்தேன். காலி கேசட்டுகள் அலமாரியில் கிடந்தன. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய், "மாஸ்டர், ஒரு அஞ்சு நிமிஷம் வாசிங்க" என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. சொல்லியிருந்தாலும் அவர், "இன்னும் சரியா வரலை தம்பி, அப்புறம் பார்க்கலாம்" என்றுதான் சொல்லியிருப்பார்.

சரியாக வரட்டும் என்று காத்திருந்தால் இதுதான் மிச்சம். ஒன்றுமில்லை.

ஷ்னாபெல் தன் தப்புகளோடு 90 வருஷமாக வாசித்துக்கொண்டிருக்கிறார். என் மாஸ்டர், எனக்குத் தெரிந்து ஒரு தப்பும் இல்லாமல், மௌனமாகிவிட்டார்.

பதினெட்டு பதிவுகளையும் திரும்பக் கேட்டேன். பதினோராவது நன்றாக இருந்தது. நடுவில் ஓரிடத்தில் விரல் பக்கத்துக் கட்டையையும் தொட்டுவிடுகிறது. ஆனால் அதற்கப்புறம் வாசிப்பவன் பயப்படவில்லை, போய்க்கொண்டே இருக்கிறான். அதையே அனுப்பினேன். ரிசல்ட் வந்தது. பாஸ். மார்க்கை மட்டும் சொல்ல மாட்டேன். என் மாணவர்கள் வீட்டில் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள்.

*

போன மாதம் அந்தப் பிஸ்கெட் பையன் வந்தான். மீசை முளைத்துவிட்டது. குரல் இரண்டு ஸ்தாயி இறங்கிவிட்டது. பத்தாம் வகுப்புப் பரீட்சை என்று நிறுத்தியவன், அப்படியே நின்றுவிட்டான்.

"சார், நீங்க பழசை எல்லாம் வெச்சிருப்பீங்களே. அந்த முதல் ரெக்கார்டிங் போடுங்க."

போட்டேன். 2018. ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன், சாம்பார் பெடல், மூக்குப் பாட்டு. பையன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு இந்த வருஷத்துப் பதிவு ஒன்றைப் போட்டேன். அதே 73 பார். சிரிக்காமல் கேட்டான். முடிந்ததும், பெரிய மனுஷன் மாதிரி தலையை ஆட்டினான்.

"இம்ப்ரூவ்மென்ட் தெரியுது சார்."

"நீ வாசி."

"ஐயோ, எனக்கு எல்லாம் மறந்துபோச்சு சார். மொதல்ல கொஞ்ச நாள் பிராக்டிஸ் பண்ணிட்டு..."

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் இப்போது தலையைக் குனிந்துகொள்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பரண் மேல் உறை போட்ட கிடார், காலேஜோடு நின்ற மிருதங்கம், அலுவலகத்தில் யாருக்கும் தெரியாத பாட்டு. 'கொஞ்ச நாள் பிராக்டிஸ் பண்ணிட்டு' என்பது நம் எல்லோருக்கும் பொதுவான தேசிய கீதம். உங்கள் சட்டைப் பையில்தான் ரெக்கார்டர் இருக்கிறது. ஐந்து நிமிஷம் போதும். கேட்க வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான்.

பையனைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தேன். ஏழெட்டு அடி தள்ளிப் போய் ரெக்கார்டரை வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

"தப்பு வந்தா சார்?"

"வரட்டும். நிறுத்தாதே."

அவன் ஆரம்பித்தான். நாலாவது பாரில் முதல் தப்பு. வாயைத் திறக்கப் போனேன், மூடிக்கொண்டேன். சமையலறையில் குக்கர் ஒரு விசில் அடித்தது.

அதுவும் பதிவாகியிருக்கிறது.